30 கிலோமீட்டருக்குப் பிறகு கால் வரவில்லையா? கோளாறு எது, என்ன செய்யலாம்

மாரத்தானில் 30 கிலோமீட்டர் தாண்டித் தடுமாறுகிறவர்களை ஓரமாக நின்று பார்த்தால் எல்லாருக்கும் ஒரே முகம்தான். உள்ளே நடப்பது வேறு வேறு. ஒருவருக்குச் சர்க்கரை தீர்ந்திருக்கும், இன்னொருவருக்குத் தொடைத் தசை நைந்திருக்கும், மூன்றாமவருக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும், இன்னும் ஒருவர் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்திருப்பார். இவர்கள் எல்லாரையும் பார்த்து 'தண்ணி குடி, ஜெல் (சிறு பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ்) போடு, விடாதே' என்று ஒரே வைத்தியம் சொல்வது தப்பு; சிலருக்கு ஆபத்தும்கூட. முதலில் எது கோளாறு என்று தெரிய வேண்டும், அப்புறம்தான் கை வைக்க வேண்டும்.

அதற்கு ஒரு நிமிட நடை போதும். நடந்துகொண்டே தலையிலிருந்து கீழே வாருங்கள். இன்னும் எத்தனை கிலோமீட்டர் பாக்கி, கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள், வருகிறதா? வாட்சில் இதயத் துடிப்பு ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? வயிறு காலியா, தளும்புகிறதா? கால் வலிக்கிறதா, அல்லது வலியே இல்லாமல் வெறுமனே நகர மறுக்கிறதா? இந்த நான்கு பதில்களும் கிடைத்துவிட்டால் கீழே உள்ளவற்றில் உங்களுடையது எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டு சேர்ந்தும் வரலாம், அப்போது ஆபத்தானதை முதலில் பாருங்கள்.

வலி பெரிதாக இல்லை, ஆனால் காலில் சக்தியே இல்லை, தலையும் மந்தம்

ஓட்டக்காரர்கள் 'சுவர்' என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் 30-இலிருந்து 35 கிலோமீட்டருக்குள் வரும். கொஞ்சம் கொஞ்சமாக வராது, சில நிமிடங்களில் ஆளையே மாற்றிவிடும். இதயத் துடிப்பு ஏறாது, வேகத்தோடு சேர்ந்து அதுவும் இறங்கும், ஏனென்றால் உழைக்க எரிபொருளே இல்லை. காரணமில்லாமல் எரிச்சல் வரும், அழுகை வரும், உற்சாகப்படுத்துகிறவரைப் பார்த்தால் கோபம் வரும். இதெல்லாம் உங்கள் குணக்கோளாறு இல்லை, மூளைக்குப் போகும் சர்க்கரை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கு எளிது. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து நாம் வைத்திருக்கும் கிளைகோஜன், அதாவது சேமித்த சர்க்கரை, சுமார் 400-இலிருந்து 500 கிராம், அதாவது ஏறக்குறைய 1,600-இலிருந்து 2,000 கலோரி. ஓட்டத்துக்கு ஆகும் செலவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கும் தூரத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் சுமார் ஒரு கலோரி. 60 கிலோ எடை உள்ளவர் 42.195 கிலோமீட்டர் ஓட 2,500 கலோரிக்கு மேல் வேண்டும். பாக்கி கொழுப்பிலிருந்து வர வேண்டும். கொழுப்பு உடம்பில் தாராளமாக இருக்கிறது, மெலிந்தவர்களிடம்கூட. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். சுள்ளி தீர்ந்துபோன அடுப்பில் ஈரக்கட்டையை மட்டும் வைத்து ஊதுவது மாதிரி, தீ இருக்கும், கொதிக்காது. இன்னொரு விஷயம், வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டுக் கிளைகோஜனை எடுக்கும். முதல் 10 கிலோமீட்டரில் 'இன்னைக்கு நல்லா போகுது' என்று கிலோமீட்டருக்கு 15 விநாடி கூடுதல் வேகம் போனவர் கடைசியில் மாட்டிக்கொள்வது அதனால்தான்.

இப்போது என்ன செய்வது? வேகத்தை உடனே குறையுங்கள், கிலோமீட்டருக்கு 30 விநாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை. வெட்கப்பட எதுவும் இல்லை. ஒரு ஜெல்லைத் தண்ணீரோடு எடுங்கள், அல்லது வழியில் தண்ணீரும் தின்பண்டமும் தரும் ஏய்ட் ஸ்டேஷனில் கோலாவோ ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கோ இருந்தால் அதை எடுங்கள். விழுங்கும் முன் சில விநாடி வாயிலேயே வைத்துக் கொப்பளியுங்கள். இது பாட்டி வைத்தியம் இல்லை. 2004-இல் சைக்கிள் வீரர்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பியவர்களே சுமார் ஒரு மணி நேர சைக்கிள் ஓட்டத்தில் 3 சதவீதம் அளவுக்கு வேகமாக முடித்தார்கள். ஒரு சொட்டுகூட வயிற்றுக்குப் போகவில்லை. வாயில் உள்ள உணர்விகள் மூளைக்கு 'சாப்பாடு வருகிறது' என்று சொல்லிவிடுகின்றன, மூளை கொஞ்சம் கையைத் தளர்த்துகிறது. உள்ளே போன சர்க்கரை வேலை செய்ய 10-இலிருந்து 15 நிமிடம் ஆகும். அந்த 15 நிமிடத்துக்குள் ஓட்டத்தை விடலாமா என்ற முடிவை எடுக்காதீர்கள், பசித்த மூளை எடுக்கும் முடிவு அது.

சர்க்கரை ஏறியதும் தெம்பு வரும். இங்கேதான் பலர் இரண்டாவது முறை விழுகிறார்கள்: தெம்பு வந்ததும் பழைய வேகத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரு ஜெல்லில் இருப்பது 20-இலிருந்து 25 கிராம் கார்ப் (மாவுச்சத்து), அதாவது 100 கலோரிக்குக் கொஞ்சம் முன்னேபின்னே. 60 கிலோ ஆளுக்கு அது ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம்தான். அதனால் குறைத்த வேகத்திலேயே இருந்து, 10-இலிருந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இனிப்பை உள்ளே தள்ளிக்கொண்டே போங்கள்.

அடுத்த முறை வராமல் இருக்க: போட்டிக்கு முந்தைய 36-இலிருந்து 48 மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10-இலிருந்து 12 கிராம் கார்ப் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து வழிகாட்டிகள் சொல்லும் அளவு. நிஜமாகச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு அதிகம் என்று தெரியும். கிளைகோஜன் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கும், அதனால் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறினால் பயப்பட வேண்டாம். ஓட்டத்தில் மணிக்கு 30-இலிருந்து 60 கிராம். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்த ஜெல்லுக்குக் குடலைப் பழக்கியவர்கள் 90 கிராம் வரை போகலாம். பசித்த பிறகு தொடங்கினால் தாமதம். முதல் ஜெல் 30-40 நிமிடத்திலேயே, தேவையே இல்லை என்று தோன்றும்போதே போக வேண்டும்.

அப்புறம், தொடக்க வேகம். கென்யாவின் எலியுட் கிப்சோகே 2018 பெர்லின் மாரத்தானில் 2:01:39 ஓடியபோது முதல் பாதி 61:06, இரண்டாம் பாதி 60:33. அன்றைய உலக சாதனையே அடக்கி ஆரம்பித்துத்தான் வந்தது.

தலை தெளிவு, மூச்சும் சரி, தொடை மட்டும் கல்

கணக்குப் போட வருகிறது, பேச முடிகிறது, ஆனால் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்பக்கம் சுத்தியலால் அடித்த மாதிரி இருக்கிறது, இறக்கம் வந்தால் உயிர் போகிறது. இது எரிபொருள் பிரச்சினை இல்லை, எத்தனை ஜெல் போட்டாலும் தீராது. கால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. இப்படிப் பல்லாயிரம் முறை தாங்கியதில் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள். இறக்கத்தில் இந்தச் சுமை இன்னும் அதிகம்.

அடியின் நீளத்தைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். களைத்தவர் தன்னை அறியாமல் செய்வது இதற்கு நேர்மாறு. காலை முன்னால் தூக்கிப் போட்டுக் குதிகாலால் பிரேக் போடுவார். கால் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். இறக்கத்தில் பின்னால் சாயாதீர்கள். நடந்தே ஆக வேண்டும் என்றால் திட்டமிட்டு நடங்கள், 4 நிமிடம் ஓட்டம் 1 நிமிடம் நடை என்ற மாதிரி. கால் நிற்கும்வரை ஓடிவிட்டு அப்புறம் நடந்தால் மறுபடி ஓட்டம் பிடிக்கவே முடியாது.

வலி மாத்திரை வேண்டாம். குறிப்பாக இபுப்ரோஃபென் வகை. நீர் குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்துக்கு வினை, வலியையும் முழுசாகக் குறைக்காது.

இதைத் தடுக்கிற வேலை பயிற்சியில்தான். போட்டிக்குச் சில வாரம் முன்பு இறக்கத்தில் ஓடிப் பழகினால் தசை அதை நினைவில் வைத்துக்கொள்ளும், ஒரே ஒரு இறக்க ஓட்டமே சில வாரங்களுக்குப் பாதுகாப்புத் தரும். ஆனால் கடைசி வாரத்தில் இதைச் செய்தால் நைந்த தொடையோடுதான் கோட்டில் போய் நிற்பீர்கள்.

திடீரென்று கெண்டைக்கால் சுண்டி இழுத்துப் பிடித்துக்கொண்டது

நில்லுங்கள். பிடித்த தசையை மெதுவாக நீட்டி, துடிப்பு அடங்கும்வரை 20-30 விநாடி அப்படியே வைத்திருங்கள். கெண்டைக்கால் என்றால் குதிகாலைத் தரையில் அழுத்தி முன்னால் சாயுங்கள். வெட்டி இழுக்காதீர்கள். அப்புறம் கொஞ்ச தூரம் நடந்து, முன்பைவிட மெதுவாகத் தொடங்குங்கள்.

உப்பு குறைந்ததால்தான் பிடிக்கிறது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். பிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் இரத்த உப்பு அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. தன் பயிற்சிக்கு மீறிய வேகத்தில் போய்த் தசை களைத்ததும் நரம்புக் கட்டுப்பாடு குழம்புகிறது என்ற விளக்கம்தான் எனக்கு அதிகம் பொருந்துகிறது. நிறைய வியர்ப்பவர் உப்பு எடுப்பதில் தப்பில்லை, ஆனால் உப்பு மாத்திரையை நம்பி அதே வேகத்தில் போனால் இரண்டு கிலோமீட்டரில் மறுபடி பிடிக்கும். வினிகர் சேர்ந்த புளிப்பு நீரைக் குடித்ததும் சிலருக்குப் பிடிப்பு விடுவதுகூட உப்பால் இல்லை. 2010-இல் வந்த ஒரு ஆய்வில் அது வயிற்றிலிருந்து உறிஞ்சப்படும் முன்பே பிடிப்பு குறைந்துவிட்டது. தொண்டையில் படும் அந்தச் சுரீர் உணர்வு நரம்பு வழியே வேலை செய்கிறது என்று கருதுகிறார்கள்.

வேகம் குறைகிறது, துடிப்பு மட்டும் ஏறுகிறது

முதலில் பார்த்த சுவருக்கு இது நேர் எதிர். அதே வேகத்தில் துடிப்பு 10, 20 என்று ஏறிக்கொண்டே போகும், அல்லது வேகத்தைக் குறைத்தும் இறங்காது. வியர்வையாக நீர் போனதில் இரத்தத்தின் அளவு குறைந்திருக்கிறது, இருக்கிற இரத்தத்தையும் குளிர்விப்பதற்காகத் தோலுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, ஆக இதயம் அதே வேலைக்கு அதிகம் அடிக்கிறது.

குடித்தால் மட்டும் உடம்பு குளிராது, மேலே ஊற்றுங்கள். தலை, கழுத்து, முன்கை. ஐஸ் கிடைத்தால் தொப்பிக்குள் வையுங்கள். நிழல் இருக்கும் பக்கமாகப் போங்கள், ஓரிரு மீட்டர் கூடுதலானால் பரவாயில்லை. தாகத்துக்குக் குடியுங்கள். இந்த நாளில் நேர இலக்கை மறந்துவிடுங்கள். வெயிலோடு பேரம் பேச முடியாது.

நடுக்கம், வெயிலில் சில்லிடுவது, தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, இதில் எது வந்தாலும் நிற்க வேண்டும், உதவி கேட்க வேண்டும். உள் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளை தடுமாறத் தொடங்கினால் அது ஹீட் ஸ்ட்ரோக். குளிர்ந்த நீர்த் தொட்டியில் உடம்பை அமிழ்த்துவதுதான் சிறந்த சிகிச்சை, அதுவும் அரை மணி நேரத்துக்குள். பக்கத்தில் ஓடுகிறவர் இப்படி ஆனால் அவர் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்வதை நம்பாதீர்கள், அந்த நிலையில் அவருக்கே தெரியாது.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானில், சுவிட்சர்லாந்தின் கேப்ரியலா ஆண்டர்சன்-ஷீஸ் கடைசிச் சுற்றை உடம்பு ஒரு பக்கம் கோணித் தள்ளாடிக்கொண்டே கடந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. வியர்க்கிறது, அதனால் பரவாயில்லை என்று மருத்துவர்கள் அவரை விட்டார்கள், அவர் 37-ஆவதாக முடித்தார். ஆனால் வியர்வையை வைத்து நீங்கள் முடிவு செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஹீட் ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குப் பல நேரம் வியர்வை கொட்டிக்கொண்டுதான் இருக்கும். பார்க்க வேண்டியது அறிவு தெளிவாக இருக்கிறதா என்பதை.

ஜெல்லைப் பார்த்தாலே குமட்டல்

ஓடும்போது இரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விடும், குடலுக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. அதன் தலையில் கெட்டியான ஜெல்லையும் அதன் மேலேயே ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கையும் ஊற்றினால் வயிறு அப்படியே நின்றுவிடும். ஒரு கிலோமீட்டராவது நன்றாக மெதுவாகப் போங்கள், வெறும் தண்ணீரைச் சின்ன மடக்காகக் குடியுங்கள். அடங்கியதும் ஜெல்லைப் பாதியாகப் பிரித்து எடுக்கலாம். உள்ளே போகவே மறுத்தால் கொப்பளித்துத் துப்பும் அதே வழி இங்கேயும் இருக்கிறது. போட்டி நாளில் புது பிராண்ட் ஜெல்லை முதன்முறையாகத் திறப்பவருக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

விரல் வீங்குகிறது, மோதிரம் இறுகுகிறது, வயிறு தளும்புகிறது

இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இதற்கும் நீர்க்குறைவுக்கும் வெளியே தெரியும் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்று: களைப்பு, தலைவலி, குமட்டல், குழப்பம். ஆனால் இங்கே தண்ணீர்தான் நஞ்சு. வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்ததில் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போய் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போயிருக்கிறது. இன்னும் இறங்கினால் மூளை வீங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் முடிவுக்கோட்டில் 488 பேரிடம் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்கு இப்படி இருந்தது. அவர்களைப் பிரித்துக் காட்டிய முக்கியமான அடையாளம், ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல், மெதுவாகப் போகிறோம், வியர்வை குறைவு, குடிக்க நேரம் நிறைய.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கடமைக்குக் குடித்து வந்திருக்கிறீர்கள், தாகம் இல்லை, விரல் வீங்கியிருக்கிறது என்றால் குடிப்பதை நிறுத்துங்கள். உப்புள்ள தின்பண்டம் ஏதாவது இருந்தால் சாப்பிடுங்கள். ஸ்போர்ட்ஸ் டிரிங்க் இதற்கு மாற்று இல்லை, அதிலும் சோடியம் இரத்தத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் மருத்துவக் கூடாரத்துக்குப் போய், எவ்வளவு குடித்தீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சாதாரண டிரிப் ஏற்றினால் மோசமாகக்கூடும்.

குறிப்பாக ஒன்றும் இல்லை, மனசுதான் வேண்டாம் என்கிறது

மேலே எதுவும் பொருந்தவில்லை, ஆனாலும் நின்றுவிடத் தோன்றுகிறது. இது கோளாறே இல்லை, 35-ஆவது கிலோமீட்டர் அப்படித்தான் இருக்கும். நடக்கவே முடியாது என்று இருந்தவர்கள் கடைசி 400 மீட்டரில் கேமராவைப் பார்த்ததும் பாய்ந்து ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு எப்போதும் கொஞ்சம் பதுக்கித்தான் வைத்திருக்கிறது. தூரத்தைச் சின்னச் சின்னதாக வெட்டுங்கள், அடுத்த கம்பம், அடுத்த ஸ்டேஷன். முன்னால் போகிற ஒருவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு போங்கள். உங்களோடு நீங்களே பேசுங்கள், ஆனால் என்ன பேசுவது என்று பயிற்சியிலேயே முடிவு செய்து வைத்திருங்கள். 2014-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் இப்படிப் பேசப் பழகிய சைக்கிள் ஓட்டிகள் களைத்து விடும்வரை தாக்குப்பிடித்த நேரம் சுமார் 18 சதவீதம் கூடியது.

நெஞ்சுவலி, நெஞ்சில் இறுக்கம், மயக்கம் வருவது, ஒரே இடத்தில் கூர்மையாகக் குத்தி ஒவ்வொரு அடியிலும் கூடும் எலும்பு வலி: இவை மனசு சம்பந்தப்பட்டவை இல்லை. இதற்கெல்லாம் பேச்சு வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் கண் இருட்டுகிறது

இவ்வளவு நேரம் கெண்டைக்கால் தசைகள் ஒவ்வொரு அடியிலும் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றதும் அந்த வேலை நின்று, இரத்தம் காலிலேயே தங்கி, அழுத்தம் விழுகிறது. அதனால் முடித்ததும் நடந்துகொண்டே இருங்கள். முடியவில்லையா, படுத்துக் காலை உயர்த்தி வையுங்கள், பெரும்பாலும் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளியவில்லை அல்லது குழப்பம் இருக்கிறது என்றால் மேலே சொன்ன வெப்பமும் சோடியமும் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

அப்புறம் இரண்டு நாள் கழித்து, கோபம் தணிந்ததும், வாட்ச் பதிவைத் திறந்து வேகக் கோட்டையும் துடிப்புக் கோட்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் எரிபொருளோ தொடையோ. அந்த நேரம் தலை எப்படி இருந்தது என்பது எது என்று சொல்லிவிடும். வேகம் விழுந்து துடிப்பு மேலேயே நின்றிருந்தால் வெப்பமும் நீரும். முதல் 10 கிலோமீட்டரின் சராசரி உங்கள் இலக்கு வேகத்தைவிட வேகமாக இருந்தால், மற்றதையெல்லாம் பார்க்கும் முன் அடுத்த லாங் ரன்னில் (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டத்தில்) அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.